நெஞ்சுச் சளியை வெளியேற்ற எந்த முறை? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தையின் பெற்றோருக்கு

நுரையீரலிலும் கணையத்திலும் சளி தடித்து அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதியானதும் மருத்துவர்கள் தரும் பட்டியலில் பெரும்பாலானவற்றில் பெற்றோர் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமில்லை. கணைய நீர் குடலுக்குப் போய்ச் சேராத குழந்தைக்கு ஒவ்வொரு வேளை உணவோடும் என்சைம் மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களைத் தனியாகத் தர வேண்டும். உப்பும் கலோரியும் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக வேண்டும். அளவுகளை எடை பார்த்து அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும் சளியைத் தினமும் எப்படி வெளியே கொண்டுவருவது என்ற கேள்விக்கு மட்டும் ஒரே விடை கிடையாது. கையால் தட்டலாம், முகமூடிக்குள் ஊதவைக்கலாம், அதிரும் உடுப்பை மாட்டலாம், கருவி எதுவும் இல்லாமல் மூச்சுப் பயிற்சியாலும் செய்யலாம்.

இந்த நோயுள்ள மகளை வளர்க்கும் பெற்றோரில் ஒருவர் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி அதிகச் சளியை எடுக்கும் என்று கேட்பதில் பயன் குறைவு. எந்த முறையை இந்தக் குழந்தை, இந்த வயதில், இந்த வீட்டில், அலுத்துப்போன நாளிலும் முழுமையாகச் செய்து முடிக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

சளி ஏன் ஒட்டுகிறது

ஏழாவது குரோமோசோமில் உள்ள சிஎஃப்டிஆர் என்ற மரபணுவின் பழுதே இந்த நோய்க்குக் காரணம். அந்த மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதம் உயிரணுவின் சுவரில் குளோரைடு வெளியேறும் வழியாக இருக்கிறது. அந்த வழி அடைபட்டால் உப்போடு சேர்ந்து நீரும் வெளியே வராது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்க வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் வற்றுகிறது. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் அந்த வறண்ட சளிக்குள் சிக்கி அசைய முடியாமல் போகின்றன. தேங்கிய சளியில் ஸ்டஃபைலோகாக்கஸ், பின்னர் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறுகின்றன. அழற்சி வருகிறது, அழற்சியால் சளி இன்னும் தடிக்கிறது. மயிரிழைகள் செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து நாம் செய்கிறோம். நாளுக்கு இரண்டு முறை, நோய் முற்றும் நாட்களில் மூன்று, நான்கு முறை.

இதனால்தான் இருமல் இல்லாத, ஓடியாடி விளையாடும் குழந்தைக்கும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத பருவத்திலேயே சிறிய மூச்சுக்குழாய்களில் பாதிப்பு தொடங்கிவிடுவதை சிடி ஸ்கேன் படங்கள் காட்டியிருக்கின்றன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்த முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) குழுவினர், எல்லாருக்கும் இதுவே சிறந்தது என்று எந்த ஒன்றையும் தூக்கி நிறுத்த முடியவில்லை என்ற முடிவுக்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். பல ஆய்வுகள் சிறியவை, பல குறுகிய காலத்தவை. யார் எந்த முறையில் இருக்கிறார் என்பதை மறைத்துச் செய்யவும் வழியில்லை. உடுப்பு அதிர்ந்தால் அது அதிர்கிறது என்று குழந்தைக்குத் தெரியாமலா போகும்?

ஆனாலும் ஓராண்டு, ஈராண்டு நீடித்த சில ஆய்வுகள் கனடாவில் நடந்திருக்கின்றன. அவற்றை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் நம் வாழ்க்கையும் ஒரு வாரத்தில் முடிகிற சோதனை இல்லை. அவற்றின் முடிவுகளை அந்தந்த முறையைப் பேசும்போது சொல்கிறேன்.

கையால் தட்டுவது

இதுதான் மூத்த முறை. குழந்தையை ஒவ்வொரு பக்கமாகப் படுக்கவைத்து அல்லது சாய்த்து உட்காரவைத்து, குழித்த உள்ளங்கையால் விலா எலும்புகளின் மேல் சில நிமிடங்கள் தாளம் தவறாமல் தட்ட வேண்டும். முதுகெலும்பு, மார்பெலும்பு, விலாவுக்குக் கீழே வயிற்றுப் பகுதி ஆகியவற்றில் தட்டக் கூடாது. மெல்லிய துணி இடையில் இருக்கட்டும். சரியாகத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வரும், தோல் சிவக்காது. எல்லாப் பகுதிகளையும் முடிக்க அரை மணி நேரம் ஆகிவிடும்.

இதன் பெரிய நன்மை, குழந்தை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிறந்த சில வாரங்களில் நோய் தெரிந்த குழந்தைக்கு வேறு எதைச் சொல்லிக்கொடுக்க முடியும்? கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கழுவிக் காயவைக்க ஒன்றுமில்லை. தூங்கும் குழந்தைக்கும் செய்யலாம். தாளத்துக்கு என் மகள் பல நாட்கள் உறங்கிப் போயிருக்கிறாள். அந்த நெருக்கம் வேறு எந்த முறையிலும் கிடைக்காது என்பதையும் மனமாரச் சொல்கிறேன்.

குறையும் அங்கேயே தொடங்குகிறது. முழு உழைப்பும் தட்டுகிறவருடையது. நாளுக்கு ஒரு மணி நேரம், ஆண்டுக்கணக்கில். மணிக்கட்டும் தோளும் வலிக்கும். தட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவர் காய்ச்சலில் படுத்தாலும் எழுந்து வர வேண்டும். குழந்தை வளர வளர, தன் உடம்பைப் பிறர் கையில் ஒப்படைத்து அரை மணி நேரம் கிடப்பதை வெறுக்கத் தொடங்குகிறது. 1997இல் வெளிவந்த கனடிய ஆய்வில், 6 முதல் 17 வயது வரையிலான 40 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். சாய்த்துத் தட்டும் முறையில் இருந்தவர்களின் நுரையீரல் செயல்திறன் சற்றுக் குறைந்தது. அடுத்து நான் சொல்லப் போகும் பெப் முகமூடியில் இருந்தவர்களுக்கு அது கூடியது.

பழைய புத்தகங்களில் தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்கும்படி சாய்த்துத் தட்டுவதைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். கைக்குழந்தைக்கு அதைச் செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைகளை இரண்டு குழுக்களாக்கித் தொடர்ந்து கவனித்தபோது, தலைகீழாகச் சாய்க்கப்பட்டவர்களுக்கு வயிற்றிலிருந்து பால் மேலேறும் தொல்லை அதிகம் இருந்தது. ஐந்தாறு வயதில் அவர்களுடைய மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் திறனும் மற்றக் குழுவைவிட மோசமாக இருந்தன. இன்று தட்டச் சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் தலையைத் தாழ்த்தாமல்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் யாராவது பழைய முறையைக் கற்றிருந்தால் மரியாதையோடு மாற்றச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குத் தட்டுவது மட்டும்தான் வழி என்றும் இல்லை. பெரிய உடற்பயிற்சிப் பந்தின் மேல் குழந்தையை மடியில் வைத்து மெதுவாக எம்பி எம்பி அமர்வதும், குழந்தை மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்து மார்பின் மேல் கையால் மென்மையாகத் துணைகொடுப்பதும் ஐரோப்பாவின் சில மையங்களில் வழக்கமானவை. இரண்டாவதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. பயிற்சி பெற்றவர் உங்கள் கையின் மேல் கை வைத்துக் காட்ட வேண்டும்.

பெப் முகமூடி

பெப் என்பது மூச்சை வெளிவிடும்போது உண்டாகும் அழுத்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். டென்மார்க்கில் உருவான இந்த முறையின் கருவி மிகச் சாதாரணமானது. முகமூடி அல்லது வாய்க்குழல், ஒருவழி வால்வு, மூச்சை வெளிவிடும் பக்கத்தில் ஒரு சிறு துளை. உள்ளே இழுப்பது எளிது. வெளியே விடும்போது துளை தடுக்கும். அந்தத் தடையால் மூச்சுக்குழாய்களுக்குள் 10 முதல் 20 செ.மீ. நீரளவு அழுத்தம் உண்டாகிறது. குழாய்கள் மூச்சு விடும் நேரத்தில் ஒட்டி மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன. அடைபட்ட பகுதிக்குப் பக்கத்து நுண்ணறைகளின் வழியே காற்று போய்ச் சேர்ந்து, சளிக்குப் பின்னால் நின்று அதை முன்னே தள்ளுகிறது. துளையின் அளவை ஒவ்வொரு குழந்தைக்கும் அழுத்தமானி வைத்துப் பிசியோதெரபிஸ்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செய்முறை: பத்துப் பதினைந்து மூச்சு, முகமூடியைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று ஹஃப் (வாயைத் திறந்து ‘ஹா’ என்று காற்றைத் தள்ளுவது), பிறகு இருமல், சற்று ஓய்வு. இதை ஐந்தாறு சுற்று செய்ய வேண்டும். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். உட்கார்ந்தபடியே செய்யலாம். மூன்று, நான்கு வயதில் பல குழந்தைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. கருவி சிறியது, பள்ளிப்பையிலும் வைக்கலாம், பயணத்திலும் எடுத்துப் போகலாம்.

1997 ஆய்வை மேலே சொன்னேன். அதே ஆய்வாளர்கள் 2013இல் கனடாவின் பல மையங்களில் 6 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பெப் முகமூடியையும் அதிர்வு உடுப்பையும் ஓராண்டு ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவுக்கு நெஞ்சு மோசமாவது உடுப்புக் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறை என்றால், பெப் குழுவில் ஒன்றைச் சற்றே தாண்டியது. எடுத்துக்கொண்ட நேரமும் பெப்பில் குறைவு. விலையில் பல மடங்கு அதிகமான கருவி எளிய முகமூடியிடம் தோற்ற முடிவு இது. வாங்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது.

குறை என்னவென்றால், பெப் கவனத்தைக் கேட்கும். மூச்சு மெதுவாகவும் ஒரே சீராகவும் போக வேண்டும். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே முகமூடியை முகத்தில் தளர்வாக வைத்திருக்கும் குழந்தை பெப் செய்யவில்லை, முகமூடி அணிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். உழைப்பு நம் கையிலிருந்து கண்ணுக்கு மாறுகிறது.

முகமூடியை ஏற்க மறுக்கும் சின்னக் குழந்தைக்கு நீர்க்குமிழி முறை நல்ல தொடக்கம். புட்டியில் சுமார் 10 செ.மீ. உயரத்துக்கு நீர், அதற்குள் ஒரு குழாய், ஊதினால் குமிழி. நீரின் உயரமே அழுத்தத்தின் அளவு. குமிழியைப் பார்க்கும் ஆசையிலேயே குழந்தை நீளமாக ஊதும். தண்ணீரைக் குடிக்கக் கூடாது, உறிஞ்சவும் கூடாது. ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிப் புதிதாக நிரப்ப வேண்டும். தேங்கிய ஈரத்தில் சூடோமோனாஸ் மகிழ்ச்சியாக வளரும். புட்டியையும் குழாயையும் எப்போது தூக்கி எறிவது என்பதை உங்கள் சிகிச்சை மையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிரும் கைக்கருவிகள்

ஃப்ளட்டர், அக்காபெல்லா, ஏரோபிகா போன்றவை பெப்பின் தம்பிகள். ஊதும்போது உள்ளே குண்டோ தகடோ துடித்து, காற்றோடு சேர்த்து அதிர்வையும் அனுப்பும். நெஞ்சுக்குள் அது உணரப்படுவதால் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. ஃப்ளட்டரைச் சரியான கோணத்தில் பிடிக்காவிட்டால் குண்டு துடிக்காது. மற்ற இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை. 2001இல் வெளியான ஓராண்டு ஒப்பீட்டில் ஃப்ளட்டர் குழுவில் நுரையீரல் கொள்ளளவு பெப் குழுவைவிட அதிகம் குறைந்தது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவையும் அதிகமாக இருந்தது. அந்த ஆய்வில் 40 குழந்தைகள்தான். ஆகவே மற்றக் கருவிகளுக்கும் அதையே பொருத்திப் பார்ப்பது நியாயமில்லை. பெப்பில் சலித்துப்போன பத்து வயதுக் குழந்தைக்கு மாறுதலாக இவற்றைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அதிர்வு உடுப்பு

பெற்றோரின் கண்ணை முதலில் இழுப்பது இதுதான். காற்று நிரம்பும் சட்டை, அதோடு குழாயால் இணைந்த இயந்திரம். விநாடிக்கு 5 முதல் 20 முறை சட்டை விம்மித் தணிந்து மார்பை அழுத்தும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1980களில் உருவாகி, அந்த நாட்டில் மிகப் பரவலானது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், குழந்தை படிக்கலாம், நெபுலைசரும் கூடவே எடுக்கலாம், பெரியவர்களுக்குக் கை வலி இல்லை.

வேலைக்குப் போகும் ஒற்றைப் பெற்றோருக்கு, அல்லது ஒரே வீட்டில் இந்த நோயுள்ள இரண்டு குழந்தைகளை வளர்ப்பவருக்கு, இந்த வசதி சாதாரணமானது இல்லை. அந்த நிலையில் இருப்பவரிடம் உடுப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூச்சுப் பயிற்சியைப் புரிந்து செய்ய முடியாத வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைக்கும் இது பெரும் துணை.

ஆனால் உடுப்பு சளியை அசைக்கும், வெளியேற்றாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி ஹஃப் செய்து இருமினால்தான் அசைந்த சளி மேலே வரும். வீடுகளில் இந்த நிறுத்தம்தான் முதலில் காணாமல் போகிறது. இயந்திரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, அரை மணி முடிகிறது, குழந்தை ஒருமுறைகூட இருமவில்லை. செய்து முடித்துவிட்டோம் என்ற நிறைவு மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பொய்யான நிறைவைத்தான் நான் இந்தக் கருவியில் அஞ்சுகிறேன். போதாததற்குக் கனம், ஓசை, மின்சாரம், வளரும் உடம்புக்கு ஏற்பச் சட்டை மாற்றும் செலவு. மார்பில் மருந்தேற்றும் போர்ட்டோ வயிற்றில் உணவுக் குழாயோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்குச் சட்டையே பொருந்தாது.

கருவி இல்லாத மூச்சு முறைகள்

இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, சுழற்சி முறை: இயல்பான அமைதி மூச்சு சிறிது நேரம், விலா விரிய ஆழமாக இழுத்து ஒரு கணம் நிறுத்தி விடும் மூச்சு மூன்று நான்கு, பிறகு ஹஃப். மீண்டும் அமைதி மூச்சு. நான்கு வயதில் விளையாட்டாகத் தொடங்கி எட்டு, ஒன்பது வயதில் பல குழந்தைகள் தாமாகவே செய்கிறார்கள்.

மற்றது, 1960களில் பெல்ஜியத்தில் ஷான் ஷெவாயே என்ற பிசியோதெரபிஸ்ட் உருவாக்கிய ஆட்டோஜெனிக் டிரெய்னேஜ். மூச்சின் ஆழத்தை மாற்றி மாற்றி, நுரையீரலின் அடியிலிருக்கும் சளியை முதலில் கிளப்பி, நடுவில் சேர்த்து, கடைசியில் மேலே கொண்டுவருவது. இருமலை அதுவரை அடக்கி வைக்க வேண்டும். தன் நெஞ்சில் சளி எங்கே கரகரக்கிறது என்பதைக் கேட்கவும் கையால் உணரவும் கற்க வேண்டும். அதனால் 10, 12 வயதுக்கு முன் பெரும்பாலோருக்குக் கைவராது. கற்பிக்கத் தெரிந்தவரும் குறைவு. ஆனால் கற்றுக்கொண்டவர்கள் அதை விடுவதில்லை. 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஓராண்டு இந்த முறையிலும் ஓராண்டு சாய்த்துத் தட்டும் முறையிலும் வைக்கத் திட்டமிட்ட கனடிய ஆய்வு 2010இல் வெளியானது. இந்த மூச்சு முறையை முதலில் கற்றவர்களில் கணிசமானோர் இரண்டாம் ஆண்டில் தட்டும் முறைக்குப் போக மறுத்துவிட்டார்கள். ஆய்வாளர்களுக்கு அது சிக்கல். எனக்கோ, பதின்பருவத்துப் பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்பதை எந்த எண்ணையும்விடத் தெளிவாகச் சொல்லும் செய்தி. பிறர் தயவின்றி, பிறர் கண்ணில் படாமல் செய்ய முடிகிற முறையை அவர்கள் கேட்கிறார்கள்.

ஓட்டமும் குதியும்

நீச்சல், ஓட்டம், டிராம்போலின் எல்லாம் சளியை அசைக்கும், இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லவை. குழந்தை நன்றாக மூச்சு வாங்கும்படி விளையாடி, இடையிடையே நின்று ஹஃப் செய்தால் அது நல்ல துணைச் சிகிச்சை. அதை மட்டுமே வைத்து மற்றவற்றை நிறுத்தலாமா என்பது மையத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும் உடம்பு இது. வெயிலில் விளையாடும் நாளில் நீரோடு உப்பும் போக வேண்டும்.

எந்த முறைக்கும் உயிர் ஹஃப்தான்

ஹஃப் என்பது குரல்வளையை மூடாமல், வாயை வட்டமாகத் திறந்து, ‘ஹா’ என்று வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளுவது. இருமலில் குரல்வளை முதலில் அடைத்துத் திறக்கும். அந்த வேகத்தில் நலிந்த மூச்சுக்குழாய்கள் மூடிக்கொள்ளலாம். ஹஃப்பில் அப்படி ஆகாது. நடுத்தர மூச்சை இழுத்து நீளமாக விட்டால் ஆழத்துச் சளி வரும். நிறைய இழுத்துக் குட்டையாகத் தள்ளினால் மேலே வந்து நிற்கும் சளி வெளியேறும். கண்ணாடி முன் நிறுத்தி ஆவி படிய ஊதச் சொல்லுங்கள். இரண்டரை, மூன்று வயதிலேயே தொடங்கலாம். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள், அதனால் கேடில்லை. ஹஃப் தெரியாத குழந்தைக்கு எந்தக் கருவியை வாங்கினாலும் அது பாதி வேலைதான் செய்யும். கருவிக்குச் செலவிடும் முன் இதைச் சொல்லிக்கொடுக்க நேரம் செலவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மருந்துகளோடு பொருந்துமா

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது நெபுலைசர் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வழக்கமான வரிசை: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அடுத்து 7 சதவீத உப்புக் கரைசல், அதன்பின் அல்லது கூடவே சளி வெளியேற்றம், கடைசியில் இழுக்கும் ஆன்டிபயாடிக். சளி போன பின் ஆன்டிபயாடிக் எடுத்தால்தான் அது சுவரைப் போய்ச் சேரும். சளியின் டிஎன்ஏ இழைகளை வெட்டும் டோர்னேஸ் ஆல்ஃபாவைச் சிலர் முன்பும் சிலர் பின்பும் தருகிறார்கள். மற்ற மருந்துகளோடு ஒரே கிண்ணத்தில் கலக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

உப்புக் கரைசல் கரிக்கும், இருமவைக்கும், குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் 6 வயதுக்கு மேற்பட்ட 164 பேரிடம் 48 வாரம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நெஞ்சு மோசமாகும் நிகழ்வுகளைச் சாதாரண உப்பு நீரோடு ஒப்பிடும்போது அது பாதிக்கும் மேல் குறைத்தது. பெப்போடு நெபுலைசரை இணைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அப்படிச் செய்யலாமா என்று கேளுங்கள். காலையில் மிச்சமாகும் கால் மணி நேரம், பள்ளிக்குப் போகும் குழந்தையின் சாப்பாட்டு நேரமாக மாறும்.

கருவி வைத்திருப்பதன் மறைமுகச் செலவு கழுவுவது. ஒவ்வொரு முறையும் சோப்பு நீர், நாளுக்கு ஒருமுறையாவது கிருமிநீக்கம். கருவி தாங்குமானால் 5 நிமிடம் கொதிக்கவைப்பது அல்லது நீராவி ஸ்டெரிலைசர். வினிகர் போதாது. குழாய்த் தண்ணீரில் கடைசியாக அலசினால் செய்த கிருமிநீக்கம் வீண். பின்னர் நன்றாகக் காய வேண்டும். கழுவ ஆளில்லாத வீட்டில் மூன்று கருவிகளைவிட ஒன்றே மேல்.

எதை எப்போது எடுப்பது

என் பரிந்துரையை மறைக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் தலை தாழ்த்தாத தட்டல், கூடவே பந்து. வீட்டில் குறைந்தது இருவர் தட்டக் கற்றிருக்க வேண்டும். மூன்று வயதிலிருந்து குமிழியும் ஹஃப் விளையாட்டும். நான்கையொட்டிப் பெப் முகமூடி, அதுவே பள்ளிப் பருவம் முழுவதும் முதுகெலும்பாக இருக்கட்டும். எட்டு, ஒன்பது வயதில் சுழற்சி மூச்சைத் தானாகச் செய்யப் பழக்குங்கள், கருவியை மறந்து வந்த நாளில் அது கைகொடுக்கும். பதின்பருவத்தில் முடிவைப் பிள்ளையிடமே விடுங்கள். ஆட்டோஜெனிக் டிரெய்னேஜ் கற்பிப்பவர் கிடைத்தால் அதையும் முயலட்டும். நாளுக்கு இரண்டு முறை பெற்றோர் சொன்னதை வேண்டாவெறுப்பாகச் செய்வதைவிட, தானே எடுத்த முறையை ஒழுங்காகச் செய்யும் பதினைந்து வயதுப் பிள்ளையின் நுரையீரல் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உடுப்பை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன். வீட்டில் நேரமும் ஆளும் இல்லாதபோது, அல்லது வேறு எதையும் குழந்தை ஏற்காதபோது. வாங்கும் முன் கடனாகப் பெற்றுச் சில வாரங்கள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பரணில் தூசி படியும் உடுப்புகள் ஏராளம்.

புதிய மருந்துகள் வந்த பிறகு

சிஎஃப்டிஆர் புரதத்தையே செயல்படவைக்கும் மூன்று மருந்துக் கூட்டு, ட்ரைகாஃப்டா, அமெரிக்காவில் 2019இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி பெற்றது. 2023இல் 2 வயது வரை அது இறங்கியது. பொருத்தமான மரபணு மாற்றமும் மருந்து கிடைக்கும் வழியும் இருக்கும் குழந்தைகளுக்கு வாழ்க்கையே மாறியிருக்கிறது. இருமல் போய்விடுகிறது, துப்பச் சளி வருவதில்லை. அப்படியானால் தினசரிச் சிகிச்சை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி.

இதற்குக் கிடைத்திருக்கும் விடை பாதிதான். இந்த மருந்தில் இருந்த, நுரையீரல் நன்றாக இருந்த, 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் உப்புக் கரைசலையோ டோர்னேஸையோ 6 வாரம் நிறுத்தியபோது நுரையீரல் திறனில் பொருட்படுத்தத்தக்க இழப்பு ஏற்படவில்லை என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அது நெபுலைசர் மருந்துகளைப் பற்றியது, சளி வெளியேற்றத்தை நிறுத்துவது பற்றியது அல்ல. சின்னக் குழந்தைகளும் அதில் இல்லை, 6 வாரம் நீண்ட காலமும் இல்லை. ஏற்கெனவே விரிந்து சேதமான மூச்சுக்குழாய்கள் மருந்தால் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதும் இல்லை. எனவே மருந்து எடுக்கும் குழந்தைக்குச் சுமையைக் குறைக்க வேண்டுமென்றால், எளிய முறைக்கு மாற்றுவதையோ உடற்பயிற்சிக்கு அதிக இடம் கொடுப்பதையோ மையத்தோடு பேசுங்கள். அடிப்படை ஹஃப் மறக்காமல் இருக்கட்டும். மருந்து பொருந்தாத, அல்லது கைக்கெட்டாத குழந்தைகளுக்கு மேலே சொன்ன முறைகளே இன்றும் முதல் பாதுகாப்பு.

எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது

இரவில் இருமல் கூடினால், பசி குறைந்தால், எடை நின்றுவிட்டால், ஊதிப் பார்க்கும் சோதனையில் எண் இறங்கினால், முறையை மாற்றுவதற்கு முன் அது உண்மையில் எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். கருவியை மையத்துக்கு எடுத்துப் போய், பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் குழந்தையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் செய்முறை தானாகவே தேய்ந்துவிடும். முகமூடி இறுக்கமில்லாமல் போகும், வளர்ந்த மார்புக்குப் பழைய துளை சிறிதாகிவிடும். வாய்ப்பிருந்தால் வருகைதோறும் இதைச் செய்யுங்கள்.

சளியில் இரத்தக் கோடு தெரிந்தால் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். சிறு கீற்று என்றால் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். இரத்தம் அதிகமாக வந்தால் எல்லா முறைகளையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினால் நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கலாம். அப்போது பெப் போன்ற அழுத்தம் தரும் எதையும் குழந்தையின் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், அவசரப் பிரிவுக்கு விரையுங்கள். இந்த மூன்று வரிகளை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்து வையுங்கள், பள்ளிக்கும் சேர்த்து.